மண் பிடித்து வைக்கும் மணிச்சத்து



ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து நிரப்பப்பட்ட இரண்டு சூப்பர் பாஸ்பேட் மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கொங்கணக் கரையிலுள்ள இரத்தினகிரிக்குப் போகிறது. மற்றொன்று விதர்ப்பத்திலுள்ள அகோலாவுக்குப் போகிறது. இரண்டும் மகாராஷ்டிரத்து ஊர்களே. இரத்தினகிரி உழவர் தமது செந்நிற மேட்டு நிலத்தில் அதை இடுகிறார். அகோலா உழவர் தமது கரிசலில் இடுகிறார். இருவரும் கொடுத்த விலை ஒன்று. மூட்டைக்குள் இருந்த சத்தும் ஒன்று. ஆயினும் பயிருக்குக் கிடைப்பது ஒன்றாக இருப்பதில்லை. இட்டதில் பெரும் பகுதி முதல் ஆண்டில் இருவருடைய பயிருக்குமே எட்டுவதில்லை. நூற்றுக்குப் பதினைந்து அல்லது இருபது பங்கு பயிரில் ஏறினால் அது நல்ல விளைவு என்றே விஞ்ஞானிகள் கொள்ளுகிறார்கள்.

எஞ்சிய எண்பது பங்கு எங்கே போயிற்று? அது ஆவியாகப் போய்விடவில்லை. அநேகமாக நீரோடும் போய்விடவில்லை. இட்ட இடத்திலேயே, கைக்கு எட்டும் ஆழத்திலேயே இருக்கிறது. ஆனால் மண் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. எந்த மண் எவ்வாறு பிடிக்கிறது, எப்பொழுது விடுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நமது நாட்டில் பாஸ்பேட் பாறை குறைவு. இராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகே ஜாமர்கோட்ரா என்னுமிடத்தில் 1968-ல் நல்ல படிவம் கண்டறியப்பட்டது உண்மையே. ஆயினும் நமக்கு வேண்டிய பாறையிலும், அதிலிருந்து செய்யும் அமிலத்திலும், டி.ஏ.பி. போன்ற உரத்திலும் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான், சவூதி அரேபியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கி, உழவர் கடன்பட்டு இட்ட பொருளில் ஐந்தில் நான்கு பங்கு கண்ணுக்கெதிரே மறைந்து நிற்கிறதென்றால், அதன் கணக்கை அறிந்துகொள்வது வீண் வேலையாகாது.

நமது உழவர்கள் பயிருக்கு வேண்டிய முக்கிய உணவுகளைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பிரித்துச் சொல்லுகிறார்கள். மணிச்சத்து என்பது இரசாயன நூல்களில் பாஸ்பரஸ் என்று வழங்குவது. 1669-ல் ஹாம்பர்க் நகரத்து இரசவாதி ஹென்னிங் பிராண்ட், பொன் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி இறுதியில் இருளில் ஒளிரும் இந்தப் பொருளைக் கண்டார். பொன் கிட்டவில்லை. ஆனால் வேர் விடுவதற்கும், பூத்து மணி பிடிப்பதற்கும் இன்றியமையாத பொருள் கிட்டியது. இதற்கு மாற்றாக வேறொன்று எந்த உயிருக்கும் இல்லை.

தழைச்சத்து நீரோடு ஓடும், காற்றிலும் கலக்கும். நாடோடி என்று அதைச் சொல்லலாம். மணிச்சத்தோ ஊரைவிட்டு அசையாத குடியானவனைப் போன்றது. மண்ணில் அது ஓரிரு மில்லிமீட்டர் நகருவதற்கே நாட்கள் பிடிக்கின்றன. ஆகவே சத்து வேரைத் தேடி வருவதில்லை. வேர்தான் சத்தைத் தேடிப் போக வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ இருபது இலட்சம் கிலோ எடை உள்ளது. கிலோ ஒன்றுக்கு 500 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணமாகக் காணும் அளவு. ஆக அந்த மேல்மண்ணில் ஆயிரம் கிலோ பாஸ்பரஸ் அடங்கியிருக்கிறது. நல்ல விளைச்சல் தரும் ஒரு நெற்பயிருக்கு வேண்டியது சுமார் 15 கிலோ. ஆயிரம் கிலோ கையிலிருக்கப் பதினைந்து கிலோவுக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் வேர் குடிப்பது மண்ணையன்று, மண்ணின் ஈரத்தை. அதே 15 சென்டிமீட்டர் மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை நீர் நிரப்பியிருக்கிறதென்றால் அது 300 கன மீட்டர் நீர். அந்த நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் கரைந்திருந்தால், முழு ஹெக்டேருக்கும் சேர்த்து வருவது 30 கிராம்! ஒரு கைப்பிடி உப்பின் எடை. பயிர் தனக்கு வேண்டிய 15 கிலோவைப் பெற வேண்டுமானால் இந்த 30 கிராமும் ஐந்நூறு தடவை தீர்ந்து ஐந்நூறு தடவை நிரம்ப வேண்டும். நூறு நாள் பயிரென்றால் நாளொன்றுக்கு ஐந்து முறை.

குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. குதிரின் அடியிலுள்ள வாய் எவ்வளவு அகலம் என்பது வேறொரு கேள்வி. முறத்தில் இப்பொழுது எவ்வளவு விழுந்து கிடக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. மணிச்சத்தைப் பற்றி நடந்த குழப்பங்களில் பாதி, இம்மூன்றையும் ஒன்றென்று எண்ணியதனால் நேர்ந்தவை என்பது நமது கருத்து.

மண் உரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842-ல் சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1850-ல் தாமஸ் வே என்னும் இரசாயன நூல் வல்லார், எருவின் சத்துக்களைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மண்ணுக்கு உண்டென்று சோதனைகளால் காட்டினார். நமது நாட்டில் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ல் சென்னை மாகாணத்து இராணிப்பேட்டையில் ஏற்பட்டது. ஆனால் எந்த மண் எதனைக் கொண்டு பிடிக்கிறது என்பது தெளிவாவதற்கு மேலும் பல காலம் சென்றது.

முதலில் கொங்கணத்துச் செம்புறை மண்ணைப் பார்ப்போம். மலையாளக் கரையிலும், கோவாவிலும், ஒடிசாவின் சில பகுதிகளிலும் இதே மண்தான். வெட்டியெடுத்து வெயிலில் உலர்த்தினால் வீடு கட்டும் கல்லாகிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெருமழை பெய்து, சுண்ணாம்பையும் மணற்சத்தையும் கழுவிக் கடலில் சேர்த்துவிட்டது. எஞ்சி நிற்பவை இரும்பும் அலுமினியமும் சேர்ந்த துருக்கள். அந்தச் சிவப்பு நிறமே இரும்பின் நிறந்தான். இத்துருவின் ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் மணிச்சத்து ஒட்டிக்கொள்வதற்கான இடங்கள் கோடானுகோடி இருக்கின்றன. உரம் கரைந்த நீர் அதன் மேல் பட்டவுடன், சில மணி நேரத்திலேயே, பாஸ்பேட் அணுத்தொகுதி அங்கிருந்த நீரின் கூற்றை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. இது மேலோடு ஒட்டிய தூசு போன்றதன்று. இரசாயன முறையில் பிணைந்துகொண்டது. அதோடும் நில்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், துகளின் நுண்ணிய துளைகளுக்குள்ளே மெல்ல மெல்லப் புகுந்துவிடுகிறது. மேற்பரப்பில் உள்ளது ஒருவாறு திரும்பி வரும். உள்ளே சென்றது வருவதற்கு நெடுநாள் ஆகும்.

புளிப்பு மிகுந்த மண்ணில் இந்தப் பிடிப்பு இன்னும் வலுக்கிறது. அங்கே அலுமினியமே கரைந்து நீரில் மிதக்கிறது. கிடைத்த பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையாத பொருளாகப் படிந்துவிடுகிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் குட்டநாட்டின் சில வயல்களில் கந்தக அமிலமே ஊறிக் கிடக்கிறது. அங்கு மணிச்சத்தின் நிலை இரங்கத்தக்கது.

நீலகிரி இதற்கொரு வேடிக்கையான சான்று. அங்குள்ள மலைமண் கறுத்து, மக்கு நிறைந்து, பார்ப்பதற்குச் செழுமையே உருவானது. ஆயினும் புளிப்பும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து மணிச்சத்தை விழுங்குகின்றன. அங்கே உருளைக்கிழங்குக்குத் தழைச்சத்தைப் போல் இரண்டு மடங்கு மணிச்சத்து இடுமாறு பரிந்துரைக்கப்பட்டு வந்திருப்பதன் காரணம் இதுவே. சமவெளிக்காரர் அந்த அளவைக் கேட்டால் அச்சுப்பிழை என்றே எண்ணுவார். மக்கிலும் மணிச்சத்து உண்டு. மண்ணிலுள்ள மொத்தத்தில் சுமார் பாதி அளவுகூட அவ்வாறு உயிர்ப்பொருளில் அடங்கியிருக்கலாம். ஆனால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்தாலன்றிப் பயிருக்கு அது பயன்படாது. குளிர்ந்த மலையில் அந்த வேலை மெதுவாகவே நடக்கும்.

இனி அகோலாவின் கரிசலுக்கு வருவோம். விதர்ப்பத்திலும், மாளவத்திலும், வட கர்நாடகத்திலும், தெலங்கானத்தின் ஒரு பகுதியிலும், நமது கோவில்பட்டிப் பக்கத்திலும் இது பரந்து கிடக்கிறது. இங்கே பிடிப்பவன் வேறு. சுண்ணாம்பு! கரிசலைச் சிறிது தோண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கண்ணில் படும் சுண்ணாம்புக் கற்களை அறியாதவர் இல்லை. கரைந்து வந்த மணிச்சத்து முதலில் சுண்ணாம்புத் துகளின் மேல் படிகிறது. பிறகு கால்சியத்தோடு சேர்ந்து ஓர் உப்பாகிறது. அவ்வுப்பு காலம் செல்லச் செல்ல மேலும் மேலும் கால்சியத்தை ஏற்று இறுகுகிறது. கடைசியில் எந்தப் பாறையைத் தோண்டி, அமிலத்தில் கரைத்து உரமாக்கினோமோ, அந்தப் பாறையின் இனமான கல்லாகவே திரும்பிவிட முற்படுகிறது. தொழிற்சாலை செய்த வேலையைக் கரிசல் நிதானமாகப் பின்னோக்கிச் செய்கிறது என்று சொல்லலாம்.

கரிசலைப் பற்றி ஒரு கெட்ட பெயர் நெடுங்காலமாக உண்டு: உரத்தை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத மண் என்று. அப்பெயர் முழுவதும் நியாயமானதன்று. ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தின் நிலத்தில் ஒரு பக்கம் கரிசலும் மற்றொரு பக்கம் செம்மண்ணும் இருக்கின்றன. அங்கே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கரிசல் பிடித்த மணிச்சத்தில் கணிசமான பங்கு எளிதில் திரும்பி வரக்கூடியதாகவே இருந்தது. சோளப்பயிர், பரிசோதனை எண் குறைவாயிருந்த கரிசலிலும் ஓரளவு நிறைவாக வளர்ந்தது. செம்மண்ணில் அதே பயிருக்கு அதைவிட உயர்ந்த எண் வேண்டியிருந்தது. ஆகையால் கரிசலைக் கஞ்சன் என்று சொல்வதைவிட, எண்ணிப் பார்த்துக் கொடுப்பவன் என்று சொல்வதே பொருந்தும்.

பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் என்று பரந்து கிடக்கும் வண்டல் மண்ணில் பிடிப்பு மிதமானது. அதைத் தனியே விவரிப்பதைவிட அங்கே நடக்கும் ஒரு விந்தையைச் சொல்லுவோம். அங்கே மழைக்காலத்தில் நெல், குளிர்காலத்தில் கோதுமை. நெல்லுக்கு நீரைத் தேக்கியவுடன் மண்ணுக்குள் காற்று புகுவது நின்றுவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், மூச்சுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல், இரும்புத் துருவிடமிருந்து அதைப் பறித்துக்கொள்கின்றன. துரு கரைகிறது. துரு கரைந்தால் அது இறுகப் பிடித்திருந்த மணிச்சத்தும் விடுபட்டு நீரில் வருகிறது. சேற்றில் சில நாள் நின்றபின் மண்ணின் நிறம் நீலஞ்சேர்ந்த சாம்பலாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். இரும்பு உருமாறியதன் அறிகுறி அது. ஆகவே நெல் பெரும்பாலும் மணிச்சத்துப் பசியை மற்றப் பயிர்கள் அளவுக்கு உணருவதில்லை.

நெல்லை அறுத்து நீரை வடித்ததும் கதை தலைகீழாகிறது. காற்று உள்ளே புகுகிறது. கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகிறது. அதுவும் பழைய துருவைப்போல் இறுகிய துரு அன்று. புதிதாகப் பிறந்த, மேற்பரப்பு மிகுந்த, பசியெடுத்த துரு. வெளியே திரிந்த மணிச்சத்தை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் குளிரில் நடுங்கும் கோதுமை நாற்றின் சிறு வேர் மணிச்சத்தைத் தேடுகிறது. குளிரில் வேரும் மெதுவாக வளர்கிறது. சத்தும் மெதுவாக நகர்கிறது. இவ்விஷயத்தை உணர்ந்தே பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், கோதுமைக்கு உரிய அளவு மணிச்சத்தை இட்டுவிட்டால் அடுத்து வரும் நெல்லுக்கு அதை இடாமல் விட்டுவிடலாம் என்று அறிவுறுத்தி வந்திருக்கிறார்கள். கோதுமை மிச்சம் வைத்ததை நீர் தேங்கிய மண் நெல்லுக்கு எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு பயிருக்கும் டி.ஏ.பி. வாங்கிய உழவருக்கு ஒரு போகத்துச் செலவு மிஞ்சுகிறது.

காவிரி டெல்டாவில் நெல் தரிசில் உளுந்து விதைக்கும் வழக்கத்திலும் இதே சங்கடம் உண்டு. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே நெற்பயிருக்கு நடுவில் விதையைத் தூவிவிடுகிறார்கள். கலப்பை ஓடாத அந்நிலத்தில் அடியுரம் இட வழியில்லை. உலரும் மண்ணோ உள்ளதையும் இறுக்கிக்கொள்கிறது. ஆதலால்தான் டி.ஏ.பி.யை ஊறவைத்து, தெளிவை எடுத்து, நூற்றுக்கு இரண்டு பங்கு கரைசலாகப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மற்றொரு முறையும் இலைமேல் தெளிக்கச் சொல்லுகிறார்கள். மண்ணோடு மல்லுக்கு நிற்காமல் இலைவழியே உள்ளே நுழையும் உபாயம் இது.

மணல் பூமியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே பிடிப்பதற்குத் துருவும் இல்லை, களியும் இல்லை. இட்டது பயிருக்கு உடனே கிடைக்கும். மிகையாக இட்டால் நீரோடு இறங்கி ஏரிகுளங்களில் பாசியை வளர்க்கும். மற்ற மண்களில் மணிச்சத்து நீரில் கரைந்து போவது சொற்பம். அது போவதெல்லாம் சேற்றோடுதான். வரப்பு உடைந்து செந்நீர் ஓடும்போது ஓடுவது வெறும் மண்ணன்று. துகள் துகளாக ஒட்டிக்கொண்ட மணிச்சத்தும் ஓடுகிறது. ஏரி வண்டலை வண்டியிலேற்றி வயலில் கொட்டிய நம் முன்னோர்கள், ஓடிப்போனதை மீட்டு வந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். தெலங்கானத்தில் 2015-ல் மிஷன் காகதீயா என்ற பெயரில் ஏரிகளைத் தூர் வாரத் தொடங்கியபோது அந்த வண்டலை உழவர்கள் தம் நிலங்களுக்கு எடுத்துச் சென்றார்கள்.

மண் பிடித்துக்கொண்டதைப் பயிரே பறித்துக்கொள்ளுமா? சில பயிர்கள் பறித்துக்கொள்ளுகின்றன. அவற்றில் துவரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு சொன்ன இக்ரிசாட் நிலையத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் சிலர் மற்றவரோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். தொட்டிகளில் கரிசலையும் செம்மண்ணையும் நிரப்பி, மணிச்சத்து உரம் இடாமல் சோளம், சோயா மொச்சை, துவரை முதலியவற்றை விதைத்தார்கள். செம்மண்ணில் மற்றப் பயிர்களெல்லாம் தவித்தபோது துவரை மட்டும் வளர்ந்து நின்றது. செம்மண்ணில் மணிச்சத்தைப் பிடித்திருப்பது இரும்பு. துவரையின் வேர் பிஸிடிக் அமிலம் என்ற ஒன்றையும் அதனோடு வேறு சில அமிலங்களையும் கசியவிடுகிறது. அவை இரும்பைப் பற்றிக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். 1990-ல் ‘சயன்ஸ்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. அப்படி விடுபட்டதில் ஒரு பங்கு உதிர்ந்த இலைகளாலும் மக்கிய வேர்களாலும் அடுத்த பயிருக்கும் கிடைக்கிறது. தக்காணத்து உழவர்கள் சோளத்தின் நடுவே துவரையை ஊடுபயிராக விதைத்து வந்ததில் இத்தகைய இலாபமும் அடங்கியிருந்ததென்று இப்பொழுது அறிகிறோம்.

கொண்டைக்கடலையின் வழி வேறு. அதன் வேர் சிட்ரிக் அமிலம் முதலியவற்றைக் கசியவிடுகிறது. எலுமிச்சம்பழத்தின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலந்தான். சுண்ணாம்பு பிடித்த மணிச்சத்தை அது கரைக்க வல்லது. கரிசலில் கொண்டைக்கடலை நன்றாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, பூட்டு இரண்டு வகையானால் சாவியும் இரண்டு வகை. இவை போதாவென்று வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் வேறு இருக்கின்றன. வேர்த்தூவி எட்டாத இடத்துக்கு அவற்றின் நூலிழைகள் சென்று மணிச்சத்தைக் கொண்டு வந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளுகின்றன. நேர்மையான பண்டமாற்று.

இவ்வளவும் தெரிந்தபின் உரம் இடும் முறையில் சில காரியங்கள் தாமே விளங்கும். சூப்பர் பாஸ்பேட்டைச் செம்புறை மண்ணில் வாரி இறைத்துக் கலப்பது, பசித்த துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விருந்து வைப்பதாகும். அதையே விதைக்கு அருகில் பட்டையாக வரிசையில் இட்டால், அந்தச் சிறிய இடத்து மண் மட்டும் தின்று நிறைந்துவிடும். மிச்சம் வேருக்குக் கிடைக்கும். மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பிட்டுத் தணித்தால் அலுமினியம் அடங்கும். தொழு உரம் இட்டால் அது மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் துருவின் மேல் தாம் முந்தி அமர்ந்துகொண்டு மணிச்சத்துக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். புளித்த மண்ணுக்கு விலை குறைந்த வழி ஒன்றும் உண்டு. அமிலத்தில் கரைக்காத பாஸ்பேட் பாறையையே பொடி செய்து இடுவது. தொழிற்சாலை அமிலத்துக்குப் பதிலாக மண்ணின் அமிலமே அதைக் கரைத்துக் கொடுக்கும். ஒரு காலத்தில் முசூரியில் தோண்டிய பாறையும், உதயபூர்ப் பாறையும் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் இவ்வாறு பயன்பட்டு வந்திருக்கின்றன. அதே பொடியைக் கரிசலில் இடுவதோ கல்லைக் கல்லோடு சேர்ப்பதாகும். விலை மலிவென்று ஏமாந்துவிடக்கூடாது.

மண் பிடித்தது என்றென்றைக்கும் போனதுதானா என்று சிலர் கேட்கிறார்கள். முன்பு அப்படித்தான் எண்ணினார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வயலில் 1901-ஆம் ஆண்டோடு மணிச்சத்து இடுவதை நிறுத்தினார்கள். பல பத்தாண்டுகள் சென்றபின்னும், முன்பு உரம் பெற்ற பாத்திகளில் பார்லி விளைச்சல் மற்றப் பாத்திகளைவிட மேலோங்கி நின்றது. கரிசலும் வண்டலும் அவ்வாறே தவணை முறையில் திருப்பிச் செலுத்துகின்றன; செம்புறை மண் மட்டும் தவணையை மிகவும் நீட்டிக்கொள்கிறது. ஆண்டுதோறும் டி.ஏ.பி. பெற்று வந்த பஞ்சாபின் பல வயல்களில் மணிச்சத்து சேர்ந்து போய்விட்டது. அத்தகைய நிலத்தில், பயிர் எடுத்துச் சென்ற அளவை மட்டும் ஈடு செய்தால் போதும். ஆனால் பக்கத்து வயல்காரர் இடுகிறாரே என்ற அச்சத்தில் இடுபவர்கள் அநேகர். அந்த அச்சத்துக்கு மருந்து மண் பரிசோதனை ஒன்றே.

பரிசோதனையிலும் மண்ணுக்கேற்ற முறை வேண்டும். புளிப்பு மண்ணுக்கு 1945-ல் பிரே, கர்ட்ஸ் என்ற இருவர் வகுத்த முறை ஏற்றது. அதில் நீர்த்த அமிலமும் புளோரைடும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதைக் கரிசலில் பயன்படுத்தினால் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அந்த அமிலத்தைத் தின்றுவிடும். இல்லாத வறுமையை அட்டை காட்டும். சுண்ணாம்பு மண்ணுக்கு 1954-ல் ஓல்சனும் அவருடைய துணைவர்களும் கண்ட சோடா உப்பு முறையே உரியது. நமது நாட்டில் 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில், ஹெக்டேருக்கு 10 கிலோவுக்குக் கீழிருந்தால் மணிச்சத்து குறைவு, 25 கிலோவுக்கு மேலிருந்தால் மிகுதி என்று கொள்ளுகிறார்கள். இது முறத்தில் கிடப்பதையும் வாயருகே நிற்பதையும் காட்டும் எண். குதிரின் முழு அளவன்று.

அட்டையைப் படிக்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. மண்ணிலுள்ளதைப் பொதுவாகப் பாஸ்பரஸ் என்ற தனிமக் கணக்கில் எழுதுகிறார்கள். உரச் சாக்கிலோ பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு என்ற பழைய கணக்கு. முன்னதன் ஒரு கிலோ பின்னதன் 2.29 கிலோவுக்குச் சமம். நூற்றுக்கு 16 என்று அச்சிட்ட 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் பென்டாக்ஸைடு கணக்கில் 8 கிலோ இருக்கிறது. உண்மையான பாஸ்பரஸ் மூன்றரைக் கிலோதான். இரண்டு கணக்கையும் கலந்துவிட்டால் பாதிக்குக் குறைவாகவோ இரட்டிப்புக்கு மேலாகவோ உரமிட நேரிடும்.

மாதிரி எடுப்பதற்கு அறுவடைக்குப் பின், அடுத்த உரம் இடுவதற்கு முன் உள்ள நாட்களே ஏற்றவை. எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், மரநிழல் ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் மேல்தழையை ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அரைக்கிலோ அளவுக்குக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். மேட்டுச் செம்மண்ணையும் பள்ளத்து வண்டலையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனி முடிச்சாகக் கட்டுங்கள். கட்டும் துணி புதியதாகவோ, நன்றாகத் துவைத்ததாகவோ இருக்கட்டும். பழைய உரச் சாக்கில் மட்டும் கட்டி அனுப்பாதீர்கள். அதன் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட் போதும், உங்கள் வயலைப் பரிசோதனைச் சாலையில் ‘மிகுதி’ என்று எழுதச் செய்துவிடும்.